கோணல் இருக்கலாம், விரிசல் கூடாது

அத்தியாயம் 7: மடக்குக் கத்தி

அரிவாளுக்கும் தொரட்டிக்கும் தனித்தனி அத்தியாயம் கொடுத்தாயிற்று. சட்டைப் பையிலோ மடியிலோ கிடக்கும் மடக்குக் கத்தியை யாரும் கருவிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் ஒரு நாளில் அதிக முறை கைக்கு வருவது அதுதான். ஆண்டிபட்டிச் சுற்றுப்பட்டில் உரமூட்டையின் தையலைப் பிரிக்க, முருங்கைக் கட்டின் கயிற்றை அறுக்க, சொட்டுநீர்க் குழாயைத் துண்டிக்க, ஆட்டின் குளம்பைச் சீவ, மதியச் சோற்றுக்கு வெங்காயம் நறுக்க என்று அதற்கு வேலை ஓய்வதே இல்லை. வருசநாட்டுப் பக்கம் போனால் இலவங்காய் பிளக்கும், கம்பம் பக்கம் போனால் வாழை இலை அறுக்கும்.

இதை வாங்குகிறவர்கள் கண்டிப்பு காட்டவேண்டிய இடத்தில் தாராளமாகவும், தாராளம் காட்டவேண்டிய இடத்தில் கண்டிப்பாகவும் இருக்கிறார்கள். பிடியில் ஒரு கீறல் தெரிந்தால் திருப்பி வைத்துவிடுகிறார்கள். விரித்த அலகின் பூட்டு நழுவினால், "பழகப் பழகச் சரியாயிரும்" என்று காசைக் கொடுத்து வாங்கிப் போகிறார்கள். வாரச்சந்தையில் சாக்கு விரித்த கடை முன்னால் இப்படியொரு பேச்சு எப்போதும் காதில் விழும்:

"என்னண்ணே, மடக்குனா அலகு ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்குது?"

"வெங்காயம் வெட்டத்தான தம்பி வாங்குற? மூஞ்சி பாக்கவா?"

கடைக்காரர் சொன்னது பாதி சரி. அலகு சாய்ந்து நிற்பதால் மட்டும் எந்தக் கேடும் இல்லை. சாய்ந்த அலகின் கூர் உள்தகட்டில் உரசுகிறதா என்பதுதான் கேள்வி. உரசினால் ஒவ்வொரு முறை மடக்கும்போதும் கத்தி தன்னைத்தானே மழுக்கிக்கொள்ளும். அதை அவரும் சொல்லவில்லை, தம்பியும் குனிந்து பார்க்கவில்லை. இந்த அத்தியாயம் அந்தக் குனிந்து பார்க்கிற வேலையைப் பற்றியது.

விலைக்குள் அடங்குவது எது?

ஒரு மடக்குக் கத்தியில் செய்கிறவரின் நேரத்தைத் தின்கிற வேலைகள் நான்கு. அலகைக் காய்ச்சித் தோய்ச்சல் போடுவது, கூர் வைப்பது, ஆணியையும் வில்லையும் பொருத்துவது, கடைசியாக மெருகு ஏற்றுவது. சில நூறு ரூபாய் விலையில் இந்த நான்கும் முழுதாகக் கிடைக்காது. எங்கோ ஓரிடத்தில் கை சுருங்கத்தான் வேண்டும். மெருகு கண்ணுக்குத் தெரிகிறது, தோய்ச்சல் தெரிவதில்லை. ஆகவே பார்த்தவுடன் விற்கவேண்டும் என்று செய்யப்பட்ட மலிவுக் கத்தியில் காசு முதலில் மெருகுக்குப் போகும். வேலைக்கென்று செய்யப்பட்ட மலிவுக் கத்தியில் மெருகுக்குக் காசு மிஞ்சியிருக்காது. முதுகில் அரத்தின் தடமும், ஆணித் தலையில் சுத்தியலின் சப்பலும், பிடியின் இரு பக்கமும் ஒரு நூல் அளவு வித்தியாசமும் இருக்கும். மலிவு விலையில் கண்ணாடிபோல மின்னும் கத்தியைக் கண்டால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வருகிறது.

நம் பக்கத்துக் கொல்லுப்பட்டறைகளின் பிழைப்பு அரிவாளிலும் களைக்கொத்திலும் கோடாலியிலும் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்திக்கு அரிவாளால் வந்த பேர் ஊரறிந்தது. பட்டறைகளில் அரிவாளுக்கு எடுப்பது பெரும்பாலும் பழைய லாரியின் வில்பட்டை. அதில் கரிமம் 0.5 முதல் 0.6 சதவீதம்வரை இருக்கும். ஓங்கி வெட்டினாலும் உடையாமல் தாங்கும் என்பதால் அரிவாளுக்கு அது பொருத்தம். சிறு கத்தி ஓங்கி வெட்டுவதில்லை, சீவுகிறது. அதனால் அதற்குக் கரிமம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் கூர் நின்று பிடிக்கும். ஆனாலும் பட்டறைக்காரர் அதே பட்டையில் ஒரு மடக்குக் கத்தி அடித்துக் கொடுத்தால் தயங்காமல் வாங்கலாம். அடிக்கடி தீட்டவேண்டியிருக்கும், அவ்வளவுதான். முதுகுப் பக்கம் உலையின் கரும்படலம் அப்படியே இருந்தால் சுரண்டி எடுக்கவேண்டாம். கெடுதல் ஏதும் இல்லை, அங்கே துருவும் சற்று மெதுவாகத்தான் ஏறும்.

உலகம் கொண்டாடுகிற மலிவுக் கத்திகளும் இந்தக் கணக்குக்கு விலக்கல்ல. பிரான்சின் சவோய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய கத்தி இன்றும் விற்கிறது. ஒரு மரப்பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி, ஒரு வளையம் என்பதே அதன் முழு உடம்பு. அலகைப் பூட்டும் வளையம்கூட 1955இல்தான் வந்து சேர்ந்தது. ஈரம் பட்டால் மரம் ஊதி அலகு உள்ளேயே சிக்கிக்கொள்ளும் என்பது அதை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த மலைக்காரர்கள் அதற்காகக் கத்தியை மாற்றவில்லை. பிடியின் அடிப்பக்கத்தை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, அலகு சற்று எட்டிப் பார்த்ததும் பிடித்து இழுத்துக்கொள்கிறார்கள். ஜப்பானின் மிகி நகரத்து ஹிகோனோகாமி இன்னும் எளிது. ஒரு தகட்டை மடித்தால் பிடி. வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் வாலைக் கட்டைவிரல் அழுத்திப் பிடிப்பதுதான் பூட்டு. இரண்டிலும் கூரும் தோய்ச்சலும் சரியாக இருக்கின்றன. மீதியை வைத்திருப்பவரின் கை பார்த்துக்கொள்கிறது.

கடையில் பார்க்கும் முறை

கையால் செய்த சரக்கில் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. இணையத்தில் வாங்கினால் இது தொல்லை, சாக்குக் கடையில் இதுவே உங்களுக்கு லாபம். குவியலில் பத்துக் கத்தி கிடந்தால் பத்தையும் எடுத்துப் பார்க்கலாம், ஒரே விலைதான். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். குழல்விளக்கின் கீழே எல்லா அலகும் நேராகத்தான் தெரியும்.

முதலில் விரிசல். அலகைத் தோய்க்கும்போது சூடு திடீரென்று இறங்குவதால் கூரிலிருந்து முதுகை நோக்கி மயிரிழைக் கீறல் விழுவதுண்டு. மேல்கீறல் பொதுவாகச் சாணை ஓடிய திசையில் கூட்டமாக இருக்கும். விரிசல் தனியாக, வளைந்து நெளிந்து, கறுப்பாக நிற்கும். ஐயம் வந்தால் வீட்டில் உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. அலகில் மண்ணெண்ணெயோ டீசலோ தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் ஒரு கோடாகத் தெரியும். ரயில்வே பட்டறைகளில் அச்சு, சக்கர பாகங்களில் வெடிப்புக் கண்டுபிடிக்க இதே உத்தியைத்தான் ஒரு காலத்தில் பயன்படுத்தினார்கள். கோடு தெரிந்தால் அந்தக் கத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ஒருநாள் உடையும், உடைகிற நேரத்தில் உங்கள் கை எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது.

அடுத்தது பூட்டு. எல்லா மடக்குக் கத்திக்கும் பூட்டு கிடையாது. பெரும்பாலானவை முதுகுவில்லின் இழுப்பிலேயே நிற்பவை. அப்படிப்பட்டதில் அலகைப் பாதி மடக்கி விட்டுப் பாருங்கள். விறுவிறுப்பாக ஒரு பக்கம் போய் நிற்கவேண்டும். கத்தியைத் தலைகீழாகப் பிடித்தால் அலகு தானாகத் தொங்கி விழுகிறது என்றால் வில் செத்துவிட்டது, கீழே வையுங்கள். இழுப்பு அதிகமாகி நகம் பிய்வதுபோல் இருந்தால் அது குறையே அல்ல. இரண்டு சொட்டு எண்ணெயும் ஒரு வார உபயோகமும் போதும். பூட்டு உள்ள கத்தி என்றால் அலகை விரித்து, அதன் முதுகை ஒரு மரப்பலகையில் வைத்து அழுத்திப் பாருங்கள். விரல்கள் மடங்கும் வழியில் இருக்கக்கூடாது. பூட்டு ஒரு முறை நழுவினாலும் வாங்காதீர்கள். பூட்டே இல்லாத கத்தியை ஜாக்கிரதையாகப் பிடிப்போம். பூட்டு இருக்கிறது என்று நம்பி அழுத்துகிறபோதுதான் விரல் போகும்.

ஆணியில் பக்கவாட்டு ஆட்டம் கொஞ்சம் இருக்கலாம். விரித்த அலகை இரண்டு விரலால் பிடித்து இடமும் வலமும் அசைத்தால் லேசாக அசைவது மலிவுக் கத்திகளில் இயல்பு. பட்டறையில் கொடுத்தால், ஆணித் தலையை இரும்பின் மேல் வைத்துச் சிறு சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி இறுக்கிக் கொடுத்துவிடுவார்கள். நீங்களே செய்வதானால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு முறை அலகை மடக்கி விரித்துப் பாருங்கள். இறுகிப்போன ஆணியைத் தளர்த்துவது, தளர்ந்ததை இறுக்குவதைவிடப் பெரிய வேலை. ஆணியின் துளையே நீள்வட்டமாகித் தேய்ந்திருந்தால் தட்டிப் பயனில்லை. புதுக் கத்தியில் அப்படி இருந்தால் துளை போட்டவர் கை தவறியிருக்கிறது என்று அர்த்தம்.

இதன் பிறகு மடக்கிப் பாருங்கள். மடக்கிய அலகின் முனை பிடிக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கிறதா? சட்டைப் பையைக் கிழித்துத் தொடையையும் பதம் பார்த்துவிடும். பலர் இதற்காகவே நல்ல கத்தியை ஒதுக்குகிறார்கள். ஆனால் வீட்டில் சரிசெய்யக்கூடிய குறைகளில் இதுவே எளிது. அலகின் அடியில், கூர் தொடங்குவதற்கு முன்னால், ஒரு சிறு மேடு இருக்கும். மடக்கும்போது வில்லில் போய் உட்காருவது அந்த மேடுதான். அதை நுண்ணரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் முனை கீழே இறங்கும். இரண்டு இழுப்புக்கு ஒரு முறை மடக்கிப் பார்ப்பது கட்டாயம். அளவுக்கு மீறி அராவினால் கூரின் நடுப்பகுதி வில்லில் இடித்து, அந்த ஒரு புள்ளி மட்டும் சப்பிப்போகும். அப்படி ஏற்கெனவே இடிக்கிற கத்தி வாய்த்தால், மடங்கும் பள்ளத்துக்குள் பழைய செருப்புத் தோலில் ஒரு சிறு துண்டை ஒட்டிவிடுங்கள். அலகை விட்டு 'டப்' என்று மூடாமல் விரலால் கொண்டுபோய்ச் சேர்க்கப் பழகினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சாய்ந்து நிற்கும் அலகுக்கு மேலே சொன்ன சோதனைதான். மடக்கி விரித்துவிட்டு உள்தகட்டில் புதுக்கீறல் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மறந்துவிடுங்கள். இருந்து, பிடி மரமாக இருந்தால், அந்தப் பக்கத்து உள்சுவரை உப்புத்தாளால் சற்றுத் தேய்த்தால் வழி கிடைத்துவிடும். அலகை வளைத்து நேராக்கப் பார்க்கவேண்டாம். தோய்ச்சல் போட்ட இரும்பு அதற்கு இணங்காது.

வில்லுக்கும் பிடிக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிற இடைவெளி, பிடியில் ஆணியைச் சுற்றி மெல்லிய வெடிப்பு, இரு பக்கப் பலகையிலும் நிற வேறுபாடு, நகம் வைக்கும் பள்ளம் கோணலாக விழுந்திருப்பது ஆகியவற்றுக்காக நான் எந்தக் கத்தியையும் ஒதுக்கியதில்லை. இடைவெளியில் வாழைப்பாலும் மண்ணும் சேரும், மாதம் ஒரு முறை வெந்நீரில் கழுவிக் காயவைத்தால் போதும். மரவெடிப்பை அதே மரத்தின் தூளும் உடனடிப் பசையும் வைத்து நிரப்பலாம்.

காந்தம் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கூர்வைக்கத் தகுந்த எவர்சில்வரும் காந்தத்தில் ஒட்டும், கரிம இரும்பும் ஒட்டும். எனவே இரண்டில் எது என்று காந்தம் காட்டிக்கொடுக்காது. ஒட்டவே ஒட்டாத அலகு என்றால் மட்டும் அது பாத்திரத்துக்கான தகடு. அதற்குத் தோய்ச்சல் பிடிக்காது, கூர் நிற்காது. காந்தத்தால் ஆகிற காரியம் அவ்வளவே.

கூரில் தெரியும் குறைகள்

புதுக் கத்தியின் கூர் எப்படி இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மலிவுக் கத்தி அரைகுறைக் கூரோடுதான் வரும். அதை நீங்கள் மாற்றத்தான் போகிறீர்கள். மாற்ற முடியாதது தோய்ச்சல்.

சாணைச் சரிவு ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருப்பது கையால் சாணை பிடித்ததன் அடையாளம். தடித்த பொருளை வெட்டும்போது கத்தி லேசாக ஒரு பக்கம் ஓடும், கயிறு அறுக்கையில் தெரியவே தெரியாது. ஒவ்வொரு முறை தீட்டும்போதும் அகலம் குறைந்த பக்கத்துக்கு இரண்டு இழுப்புக் கூடுதலாகக் கொடுத்துவந்தால் சில மாதங்களில் தானாகச் சமன்படும். ஒரே நாளில் சரிசெய்ய முனைந்தால் நல்ல இரும்பு வீணாகும்.

கூரை மேசையில் நிறுத்திப் பார்த்தால் அடிப்பக்கம் ஒரு பள்ளம் விழுந்து வெளிச்சம் தெரியலாம். சக்கரத்தில் அதே இடத்தில் அதிக நேரம் நின்றதால் வந்தது. பலகையில் வைத்துக் காய் நறுக்குவதே வேலை என்றால் இது தொந்தரவு, காய் முழுதாக அறுபடாமல் நாரில் தொங்கும். கையில் பிடித்தே வேலை செய்கிறவருக்கு இது ஒரு பொருட்டல்ல. கயிறு அந்தப் பள்ளத்தில் நழுவாமல் நிற்கும் என்று அதைத் தேடி வாங்குகிறவர்களும் உண்டு.

நீலம் பாய்ந்த கூரைப் பார்த்தால் மட்டும் நிதானியுங்கள். தோய்ச்சல் போட்ட இரும்பை மறுபடி சூடாக்கினால் முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, 300 பாகை செல்சியஸை ஒட்டி நீலம் என்று வரிசையாக நிறம் ஏறும். வைக்கோல் நிறத்தில் நின்றால் கத்திக்குரிய கடினம் இருக்கும். நீலம் வந்தால் வில்லுக்குரிய பதம், கூருக்கு அது மென்மை. முதுகில் நீலம் இருக்கலாம், அதனால் தாங்கும் சக்தி கூடும். கூரில் நீலம் என்றால் உலர்ந்த சக்கரத்தில் வைத்து எரித்துவிட்டார்கள். நீலம் ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் தீட்டித் தீட்டித் தாண்டிவிடலாம், அகலமாக இருந்தால் வாங்கவேண்டாம். தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கத்தியைக் கொடுக்கும்போதும் இதை மறக்காதீர்கள். "தண்ணி தொட்டுத் தொட்டுப் பிடிங்கண்ணே" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

தோய்ச்சலைச் சோதிக்க, வாங்கிய அன்றே ஓரளவு கூர் வைத்து, காய்ந்த கருவேலங்குச்சியை இருபது முப்பது சீவல் சீவுங்கள். பிறகு கூரை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பாருங்கள். நல்ல கூர் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாது. ஒரு வெள்ளிக்கோடு மின்னினால் அந்த இடம் மடிந்திருக்கிறது, அதாவது மென்மையான அலகு. பொடிப்பொடியாகப் பல் விழுந்திருந்தால் தோய்ச்சல் கூடிப்போய் நொறுங்குகிறது. இரண்டில் ஒன்றைத்தான் ஏற்கவேண்டும் என்றால் நான் மென்மையை ஏற்பேன். மடிந்த கூரைப் பீங்கான் கோப்பையின் அடிவளையத்தில் நாலு இழுப்பு இழுத்து நிமிர்த்திவிடலாம். உடைந்த பல்லை நிமிர்த்த வழியில்லை. அதைத் தாண்டும்வரை மொத்த விளிம்பையும் கல்லில் தேய்க்கவேண்டும், அடுத்த வாரமும் அதே வேலை வரும். கடைக்காரர் பழகியவர் என்றால் பல் விழுந்த கத்தியைக் காட்டி மாற்றிக் கேளுங்கள். பொதுவாக மாற்றித் தருவார்கள்.

தீட்டுவதற்குக் கடையில் கிடைக்கும் இருபக்க கார்போரண்டம் கல் போதும். சொரசொரப்புப் பக்கம் கூரை உருவாக்க, மென்மைப் பக்கம் முடிக்க. சாய்வை அளக்கக் கருவி வேண்டாம். அலகு இரண்டு சென்டிமீட்டர் அகலம் என்றால் கல்லிலிருந்து முதுகை 5 மில்லிமீட்டர் தூக்கினால் ஏறத்தாழ 15 பாகை, 7 மில்லிமீட்டர் தூக்கினால் 20 பாகை. காய், பழம், இலைக்கு முன்னது. கயிறு, குழாய், குளம்புக்குப் பின்னது. வாசல்படிக் கருங்கல்லில் தீட்டும் பழக்கம் அரிவாளோடு நிற்கட்டும். சிறு கத்திக்கு அது மிகவும் முரடு.

இந்தப் பொறுமை செல்லாத ஓர் இடம் உண்டு. மா, கொய்யா, சப்போட்டாவுக்கு ஒட்டுக்கட்டுகிறவர்கள் இந்த அத்தியாயத்தின் தாராளத்தைக் கையாளக்கூடாது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிப் பக்கமும் அங்கே சுற்றியுள்ள நாற்றுப்பண்ணைகளிலும் ஒட்டுக்குப் பயன்படுத்தும் கத்தி ஒரு பக்கம் மட்டும் சரிவும் மறுபக்கம் தட்டையுமாக இருக்கும். ஒட்டுக்குச்சியின் வெட்டுமுகமும் வேர்ச்செடியின் வெட்டுமுகமும் இடைவெளியின்றிப் பொருந்தி, பட்டைக்கு உள்ளேயுள்ள வளர்திசு ஒன்றையொன்று தொட்டால்தான் ஒட்டுப் பிடிக்கும். கூரில் ஒரு பல் விழுந்தாலும் வெட்டுமுகத்தில் வரி விழும், வரிக்குள் காற்றும் நீரும் புகும். அதற்குத் தனிக் கத்தி வாங்கி, வேறு எதற்கும் தொடாமல் வையுங்கள். திராட்சைக் கொடிக் கவாத்துக்கும் மடக்குக் கத்தி சரிப்படாது, அதற்குக் கவாத்துக் கத்தரிதான்.

கறுப்பும் துருவும்

கரிம இரும்புக் கத்தி வாங்கியவர் ஒரு வாரத்தில் முகம் சுளித்துக்கொண்டு வருவார். "வாழைக்காய் நறுக்குனேன், கத்தியே கறுத்துப்போச்சு" என்பார். வாழைப்பாலிலும் மாங்காயிலும் உள்ள துவர்ப்பும் புளிப்பும் இரும்போடு சேர்ந்து சாம்பல், நீலம், கறுப்பு என்று படலம் கட்டும். இது குறையல்ல, கத்தி தனக்குப் போட்டுக்கொள்ளும் சட்டை. இந்தப் படலம் ஏறிய அலகில் செந்துரு எளிதில் பிடிப்பதில்லை. எலுமிச்சையில் இரும்பு வாடை ஏறுவதும் குறையும். சாம்பலும் செங்கல்பொடியும் வைத்துத் தேய்த்துத் தினமும் பளபளப்பாக்குகிறவர் தினமும் அந்தச் சட்டையைக் கழற்றுகிறார். முதல் சில நாட்கள் வேண்டுமென்றே வாழைக்காயும் மாங்காயும் நறுக்கி, கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி வையுங்கள். நிறம் திட்டுத்திட்டாக வரும். சீராக வரவில்லையே என்று கவலைப்படவேண்டாம்.

செந்துரு வேறு. விரலில் தூளாக ஒட்டினால் அது இரும்பைத் தின்கிறது. உடனே மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, போகாத இடத்தை மட்டும் நைசான வாட்டர் பேப்பரால் தேய்த்து எடுங்கள். ஆணியைச் சுற்றியும் பள்ளத்துக்குள்ளும் துரு ஒளிந்திருக்கும், அங்கே பார்ப்பது முக்கியம்.

எண்ணெயைப் பொறுத்தவரை, உணவு தொடும் கத்திக்குத் தேங்காயெண்ணெய் நல்லது. நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்து ஆணியை இறுக்கும். தேங்காயெண்ணெயிலும் ஒரு சங்கடம் உண்டு. ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் மேகமலைக்குப் போனவர், கத்தி திறக்கவில்லையே என்று பதறத் தேவையில்லை. உள்ளங்கையில் சற்று நேரம் பொத்தி வைத்தால் இளகிவிடும். குழாய் வெட்டவும் குளம்பு சீவவும் மட்டும் பயன்படும் கத்திக்குத் தையல்மெஷின் எண்ணெய் போடலாம்.

மரப்பிடிக்கு நம் மாவட்டத்திலேயே இரண்டு வானிலை. ஆண்டிபட்டி மலைமறைவில் கிடக்கிற வறண்ட பூமி. சித்திரை வெயிலில் மரம் சுருங்கி ஆணி ஆடத் தொடங்கும். ஆனி, ஆடியில் சாரல் விழுகிற கூடலூர், லோயர்கேம்ப் பக்கம் அதே கத்தி இறுகிப்போகும். சித்திரையில் ஆடுகிறது என்று ஆணியைத் தட்டி இறுக்கிவிட்டால் ஆடியில் திறக்க முடியாமல் தவிப்பீர்கள். ஒரு சுற்று மழை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சுருக்கத்தைக் குறைக்க, வருடத்துக்கு இரண்டு முறை பிடியில் எண்ணெய் ஊறவிடுவது உதவும். பித்தளைப் பிடி இந்த வம்பு இல்லாதது. ஆனால் புளிப்புப் பட்டால் களிம்பு ஏறும். பழம் நறுக்கியதும் துடைத்துவிடவேண்டும்.

எடுத்துச் செல்லும்போது

ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் உரிமம் கேட்கும் பட்டியலில் வைத்திருக்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. மூன்று அங்குல மடக்குக் கத்தி அந்தப் பேச்சுக்கே வராது. இருந்தாலும் தென்மாவட்டத்தில் கத்தி என்றால் காவலர் கண் வேறாகத்தான் இருக்கும். 2021 செப்டம்பரில் மாநிலம் முழுக்க ரவுடிகளைத் தேடும் வேட்டை நடந்தபோது, அரிவாள், கத்தி செய்யும் பட்டறைகளும் விற்கும் கடைகளும் வாங்குகிறவரின் பெயர், முகவரி, கைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று காவல்துறை அறிவுறுத்தியது. பட்டறையில் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். அது அவருடைய பிழைப்புக்குப் பாதுகாப்பு. தோட்டத்துக்குப் போகும்போது கத்தி உங்களோடு இருக்கட்டும். திருவிழாக் கூட்டத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போகும்போது வீட்டில் இருக்கட்டும். பட்டனைத் தட்டினால் பாய்கிற கத்தி வாங்கவே வேண்டாம். வேலைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை, விளக்கம் சொல்லும் தொல்லை மட்டும் மிஞ்சும். மதுரை விமான நிலையத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் செல்லாது. பெட்டியில் போட்டு ஒப்படைத்துவிடுங்கள்.

தேய்ந்த பிறகு

நன்றாக உழைக்கிற கத்தி வருடா வருடம் மெலியும். அலகு மெலிய மெலிய அதற்குப் புதுக் குறைகள் வரும். முன்பு சரியாக மடங்கிய முனை மறுபடி பிடிக்கு மேலே தலைநீட்டும். முன்னே சொன்ன மேட்டை மறுபடி இரண்டு இழுப்பு அராவுங்கள். கூர் மேலே மேலே ஏறித் தடித்த இரும்புக்குள் போவதால், அதே சாய்வில் தீட்டினாலும் பழைய வழுவழுப்போடு அறுக்காது. கல்லின் சொரசொரப்புப் பக்கத்தில் அலகைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து இரு பக்கமும் தேய்த்து மெலிவாக்கிவிட்டு, பிறகு வழக்கமான சாய்வில் தீட்டவேண்டும். மேடு அராவ மிச்சமில்லாமல் போனால் முனையைச் சாணையில் கொடுத்து ஒரு அரை அங்குலம் மொட்டையாக்கிக்கொள்ளலாம். குத்துகிற முனை இல்லாத அந்தக் குட்டை அலகைப் பூக்கட்டுகிறவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். நாரும் நூலும் அறுக்க அவர்களுக்கு அது போதும், மடியில் வைத்தாலும் குத்தாது. ஆணி மட்டும் ஆடாமல் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுங்கள்.